முழங்கால் படும் இடத்தில் ஒரு பெயர்

அந்தக் கல்லை அங்கே பதிக்கச் சொன்னவன் நான்தான். பிறகு அதைப் பெயர்த்து எடுக்க வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றவனும் நான்தான். இரண்டையும் செய்தவன் என்பதால் இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். மற்றபடி நான் எட்டாவது வரை படித்தவன். முந்திரித் தோப்பு கொஞ்சம், மானாவாரி நிலம் கொஞ்சம். வீட்டில் சாயங்கால ஜெபமாலையை ஒரு நாளும் விட்டதில்லை. வேறு பெருமை எனக்குக் கிடையாது.

எங்கள் ஊர் உடையார்பாளையத்துக்கும் வரதராஜன்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். ஊருக்குள் நுழையும்போதே ரோட்டோரத்தில் மாதா கெபி தெரியும். கல்லும் சிமெண்டும் வைத்துக் குகை மாதிரி கட்டி, உள்ளே மாதா சுரூபம் வைத்திருக்கும் இடத்தைத்தான் நாங்கள் கெபி என்போம். பஸ் ஏறப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், யாராக இருந்தாலும் அங்கே ஒரு நிமிடம் முழங்கால் போட்டுவிட்டுத்தான் போவார்கள். நேர்ச்சை வைத்தவர்கள் உப்பும் மிளகும் கொண்டுவந்து வைப்பார்கள். முழங்கால் போடுகிற படியை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்திருப்பது எங்கள் ஊர் வழக்கம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பழைய கெபி ஒரு மழைக்காலத்தில் சாய்ந்துவிட்டது. அப்போது பெரம்பலூரில் விதைக்கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "யாரும் வசூல் பண்ண வேணாம், முழுசா நான் கட்டித் தரேன்" என்றார். சொன்னபடி கட்டியும் கொடுத்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுரூபத்துக்கு மேலே கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு, சுற்றிக் கம்பி வேலி என்று எல்லாம் நல்ல சாமானாகவே வாங்கிப் போட்டார். ஊர்க் கூட்டத்தில் நான் காரியக்கமிட்டி ஆள். கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டிப் பதிப்பது எங்கும் இருக்கிற பழக்கம்தான். 'உபயம்' என்று போட்டு, கீழே பெயரைப் போடுவார்கள். நான்தான் கூட்டத்தில் எழுந்து, "உபயம்னு மட்டும் போட்டா கடையில சாமான் வாங்கிக் கொடுத்த மாதிரி இருக்கு. பேருக்கு முன்னால வள்ளல்னு போடுவோம்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஜெயங்கொண்டத்தில் கல் வெட்டுகிறவர் அந்த ஒரு வார்த்தையை மட்டும் பெரிசாக வெட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். பளபளவென்று நீளமான கருங்கல் பலகை.

அதைப் பக்கச் சுவரில் பதிப்பதாகத்தான் இருந்தது. கொத்தனார் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"சொவத்துலதானுங்களே?"

எனக்கு மனசு வரவில்லை. "சொவத்துல வச்சா எவன் பாக்கப் போறான்? இவ்ளோ நல்ல கல்லு. முட்டி போடுற படியா போட்டுரு."

"எழுத்து மேல முட்டி போடுவாங்களே, பரவால்லையா?"

"மாதா காலடியில கெடக்கட்டுமே. புண்ணியந்தான்."

கொத்தனாரிடம் புண்ணியம் என்றேன். உள்ளுக்குள்ளே வேறு கணக்கு இருந்தது. கெபி கட்டிக் கொடுத்தவருக்கு அது பிடிக்கும், என்னை நினைவு வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். சாமியார் வந்து கெபியை மந்திரித்துத் திறந்த நாளில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஆளுயர மாலை போட்டு, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தோம். மாலையைத் தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன். அவர் என் தோளைத் தட்டி, "கல்ல நல்ல எடத்துல போட்டிருக்க மச்சான்" என்றார். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வருஷம் புரட்டாசியில் என் தங்கச்சி மக்காச்சோளம் போட வேண்டும் என்றாள். அவள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் முந்திரி மரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டவர். கனமான வேலை அவரால் முடியாது. அதனால் தங்கச்சிதான் மூன்று ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். விதை ஜெயங்கொண்டத்திலேயே கிடைக்கும். நான்தான், "நம்ம ஆளு கடை இருக்கும்போது எதுக்கு அடுத்தவன்கிட்ட போகணும்?" என்று அரியலூர் போய், அங்கிருந்து பஸ் மாறி, பெரம்பலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அந்தப் படம். சட்டம் போட்டு, பெரிதாக்கி, சீரியல் பல்பு சுற்றி மாட்டியிருந்தார். மாதா, பொன்னாடை, மாலை, அவர். தங்கச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், அவர் இந்து, அவரும் அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வா தங்கச்சி, வா. டீ சாப்புடு" என்று விதைக்கடைக்காரரே எழுந்து வந்தார். மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். "கண்ண மூடிக்கிட்டு போடு. கதிருக்குப் பதினாறு வரிசை எண்ணலாம்."

"பில்லு வாங்கிக்கலாமாண்ணே?" என்று தங்கச்சி என் காதில் கேட்டாள்.

"சும்மா இரு. மாதா படத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு பில்லு கேக்குற" என்று அதட்டினேன்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

விதை ரோஸ் நிறத்தில் இருந்தது. மருந்து கலந்த விதை அப்படித்தான் இருக்கும். விதைத்து முடித்த அன்றைக்கு அவள் கை இரண்டும் மருதாணி வைத்த மாதிரி சிவந்திருந்தது. பயிர் முளைத்தது. ஆனால் ஒரே சீராக வரவில்லை. ஒரு செடி ஆள் உயரம், பக்கத்துச் செடி இடுப்பளவு. மழை இல்லை, உரம் பத்தவில்லை என்று நாங்களே ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டோம். மார்கழிக் கடைசியில் அவள் என்னை வயலுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். நான் போனபோது வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்துப் பக்கத்தில் வைத்தாள். அடுத்ததை உரித்தாள். அப்படிப் பத்துப் பன்னிரண்டு கதிரை வரிசையாக அடுக்கி வைத்தாள். இங்கொரு மணி, அங்கொரு மணி. நடுவில் எல்லாம் வெறும் சக்கை.

"பாருண்ணே, பொக்க வாயி" என்றாள். சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள். அப்புறம் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் மட்டும் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் பல ஊர்களில் இதே கதைதான். விவசாய ஆபீஸிலிருந்து வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் கடைக்குச் சீல் வைத்தார்கள். குடோனில் புதுசாக அச்சடித்த கம்பெனிப் பைகள், பை தைக்கிற மெஷின், வாளி வாளியாகச் சாயம். கோழித் தீவனத்துக்கு வாங்கிய சோளத்தைச் சாயத்தில் முக்கி விதை என்று விற்றிருக்கிறார். கைதாகிப் போனார். பேப்பரில் செய்தி வந்தது. கூடவே ஒரு படமும் வந்தது. அதே பொன்னாடைப் படம்தான். ஓரத்தில் மாதாவின் ஒரு கை மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை கெபியில் ஜெபமாலை. தங்கச்சி வந்தாள். ஆனால் ரோட்டைத் தாண்டி வரவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருக்கிற அடிபம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அங்கிருந்தே மணியை உருட்டினாள். முடிந்ததும் நான் போய்க் கேட்டேன்.

"ஏன் இங்கியே நின்னுட்ட? உள்ள வர்றதுக்கென்ன?"

"மாதா இங்கிருந்தே நல்லா தெரியிறாங்க."

"முட்டி போடலியே நீ."

"எதுமேல முட்டி போடச் சொல்ற? அந்தப் பேரு மேலயா? அதத் தொட்டுக் கண்ணுல வேற ஒத்திக்கணும். அங்க போட்டது நீதானே? நீ போய் ஒத்திக்க."

அவள் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்தபோது அதே கெபியில் ஒன்பது சனிக்கிழமை முழங்கால் போட்டு அழுதவள் அவள். அவர் எழுந்து நடந்ததை மாதா கொடுத்த வரம் என்று இன்றைக்கும் சொல்கிறவள். நெல் அறுத்தாலும் முதல் பிடியை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவாள். அவளுக்கு உலகத்தில் சாய்ந்து அழ இருந்த இடம் அது ஒன்றுதான். விளைச்சல் போனால் அடுத்த பருவத்தில் எப்படியாவது தேற்றிக்கொள்ளலாம். இந்த இடத்தை அவளிடமிருந்து எடுத்தது அவர் மட்டும் இல்லை, நானும் சேர்ந்துதான் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

முதல் கூட்டத்தில் நான் மெதுவாகத்தான் பேச்சை எடுத்தேன். "கேஸு நடக்குது. தீர்ப்பு வரட்டும்" என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாக இருந்தது. இரண்டு வருஷம் ஓடியது. தங்கச்சி சனிக்கிழமை தவறாமல் வந்தாள். அடிபம்புக்குப் பக்கத்திலேயே நின்றாள். மழையானாலும் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான்.

தீர்ப்பு வந்தது. குற்றம் நிரூபணமாகி அவர் சிறைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மறுபடி கூடினோம். எங்கள் கோயில் உபதேசியார் ரிட்டையர் ஆன வாத்தியார். பூசை இல்லாத நாளில் ஜெபம் நடத்துகிறவர். எல்லாரும் அவர் பேச்சைக் கேட்போம்.

"அவரு தப்பு பண்ணாரு. கோர்ட்டு தண்டிச்சிருச்சு. நாம வேற தனியா ஒரு தண்டனை கொடுக்கணுமா?" என்றார்.

"தண்டனை வேணாங்க சார். வள்ளல்னு இருக்கே, அத என்ன பண்றது?" என்று ஒருவர் கேட்டார்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் எங்களுக்கே உரிய ஒரு முடிவு எடுத்தோம். கல்லை எடுக்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம், மேலே ஒரு விரிப்பை விரித்துவிடலாம் என்று. யாரோ கல்யாண மண்டபத்தில் மிஞ்சிப்போன சிவப்புக் கம்பளம் இருக்கிறது என்றார். அளவு சரியாக இருந்தது. விரித்துவிட்டு, பெரிய பிரச்சினை ஒன்றைத் தீர்த்த மாதிரி எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கறிச்சோறு சாப்பிட்டோம்.

என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, மாப்பிள்ள நடந்து வர்றதுக்கு விரிப்பாங்களே, அந்தக் கம்பளமா?"

"ஆமா."

"நல்லாருக்கு. இத்தனை நாளு வெறுங்கல்லா கெடந்த மனுசனுக்கு இப்ப செவப்புக் கம்பளம். இன்னொரு பொன்னாடையும் போத்திட்டு வந்திருக்கலாம்ல."

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. மறு வாரமே ஊர்ப் பெண்கள் எல்லாரும் இதையே சொல்லிச் சிரித்தார்கள். "கம்பளத்துக்காரரு எப்படி இருக்காரு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மெழுகு ஒழுகி, உப்பு கொட்டி, ரெண்டு மாசத்தில் கம்பளம் நாறிப்போனது. யாரோ அதைச் சுருட்டி வேலியோரம் எறிந்துவிட்டார்கள். அடியில் கிடந்த கல், அத்தனை முழங்காலும் கம்பளத்தோடு தேய்த்ததில், முன்னை விடப் பளபளவென்று ஆகியிருந்தது. தங்கச்சி அடிபம்பிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தண்டனை முடிந்து அவர் ஊருக்கு வந்தார். முதல் ஞாயிறு மனைவியோடு பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பிறகு என் மனைவி எழுந்துபோய் அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் செய்தது சரி என்று நான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். நான் பெயர்க்கச் சொன்னது கல்லைத்தான், மனுஷனை இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அவரே என் வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். தலைக்கு மை அடிக்காததால் முழுக்க நரைத்திருந்தது. நாற்காலியைப் போட்டேன். மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"கல்ல எடுக்கணும்னு சொல்லிக்கிட்டிருக்கியாமே மச்சான்."

"ஆமாங்க."

"நான் கட்டுன கெபி அது."

"நீங்க மாதாவுக்குக் கட்டுனது. அத ஒருத்தரும் தொட மாட்டாங்க. நீங்க கொடுத்தது மாதாகிட்ட இருக்கு. கல்லுல இருக்கறது நாங்க உங்களுக்குக் கொடுத்தது. அதத்தான் திருப்பிக் கேக்குறேன்."

அவர் மோரைக் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள இருந்தப்ப ஒண்ணுதான் நெனப்பு. ஊர்ல ஒரு எடத்துல நம்ம பேரு நல்லவிதமா இருக்கு, மாதா காலடியில இருக்குன்னு. அதயும் புடுங்கிட்டா இந்த ஊர்ல நான் யாரு?"

அவர் நடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. நானும் அவரும் சின்ன வயசில், ஒரே கஷ்டத்தில், ஒரே வெள்ளைச் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு முதல் நற்கருணை வாங்கினவர்கள்.

"கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கீங்களே, அந்த ஆளு. எங்கள மாதிரி ஒரு ஆளு. அது கொறைச்சலா?"

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் மச்சான். சாமி மன்னிச்சிட்டாரு."

"மன்னிப்புக்கு நான் குறுக்க நிக்கலைங்க. நானுந்தான் வருசா வருசம் பாவசங்கீர்த்தனம் பண்றேன். எனக்கு யாரும் வள்ளல் பட்டம் கொடுக்கலியே."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் தங்கச்சி சொல்லிக் கொடுத்துப் பேசுறியா?"

"அவ எங்கிட்ட இதப் பத்திப் பேசுறதே இல்ல. அதாங்க எனக்குத் தாங்கல."

அவர் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி நின்றார். "எடுக்கறதுன்னா ஒடைச்சிராதீங்க. முழுசா எடுத்து வூட்டுக்கு அனுப்பிருங்க" என்றார்.

அன்றைக்கே நான் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பட்டம் கொடுத்தப்ப என்னையக் கேட்டா கொடுத்தீங்க?" என்றார்.

"இல்ல சாமி. அப்ப நீங்க இந்தப் பங்குலயே இல்ல."

"அப்ப இருந்த சாமியாரையாவது கேட்டீங்களா?"

"இல்ல சாமி."

"நீங்களா கொடுத்தது, நீங்களே பேசி முடிங்க. நான் வந்து உக்காந்திருக்கேன்."

மே மாதம் எங்களுக்கு மாதா வணக்க மாதம். தினமும் சாயங்காலம் கெபியில் ஜெபம். அதற்கு முந்தின ஞாயிறு கூட்டம் போட்டோம். விதைக்கடைக்காரரும் வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சியும் பெண்கள் பக்கம் இருந்தாள். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் உண்டு. ஆனாலும் அன்றைக்கு மாதாவை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"வள்ளல்னு போடச் சொன்னது நானு. படியில பதிக்கச் சொன்னது நானு. அவரு கேக்கல. அதனால மொதல்ல என் தப்ப ஒத்துக்கிறேன்" என்றேன். "நாம என்ன நெனச்சோம்? பட்டம்னா செஞ்ச நல்லதுக்கு ஒரு நன்றி, அவ்ளோதான்னு. அப்படியில்லைங்க. நாம கொடுத்த பொன்னாடையும் படமும் அவரு கடைச் சொவத்துல தொங்குச்சு. அந்தப் படத்தப் பாத்துத்தான் எந்தங்கச்சி செருப்பக் கழட்டுனா. அதப் பாத்துத்தான் நான் பில்லு கேக்காதன்னேன். வேத்து ஊரு ஆளு ஒருத்தரு, நம்ம கோயிலே இல்ல, அவரும் அதக் கும்புட்டுட்டு மூட்டையத் தூக்கிட்டுப் போனாரு. அந்தச் சோளத்த வித்தது அவரு. அத நம்ப வச்சது நாம."

உபதேசியார்தான் எழுந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் சொல்கிறவர் இல்லை.

"நீ சொல்றது சரிப்பா. ஆனா அவரு கட்டுனதும் நெசந்தானே? செஞ்ச நல்லதச் செய்யலன்னு அழிக்கலாமா? இன்னிக்கு இவர எடுப்ப. நாளைக்கு இன்னொருத்தரு மேல குத்தம் வரும். இப்படியே போனா ஊர்ல ஒரு பேரும் கல்லுல நிக்காது."

"நிக்க வேணாங்க சார். கெபிய யாரு கட்டுனான்னு யாராச்சும் கேட்டா இவருதான்னு நானே சொல்றேன், கோயில் புஸ்தகத்துல எழுதியே வைங்க. நடந்தது நடந்ததுதான். ஆனா வள்ளல்ங்கறது நடந்தது இல்லைங்களே, அது நாம கொடுத்த சாட்சி. சாட்சி சொன்னவன், அது தப்புன்னு தெரிஞ்சப்புறம் திரும்ப வாங்கிக்க வேணாமா? அது கல்லுல இருக்கற வரைக்கும் நாம தெனம் அதயேதான் சொல்லிக்கிட்டிருக்கோம்."

"அப்படிப் போடு" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். என் மனைவிதான்.

கை தூக்கச் சொன்னார்கள். முதலில் கொஞ்சம், பிறகு நிறைய. உபதேசியார் கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினார். விதைக்கடைக்காரர் கை தூக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சியும் கை தூக்கவில்லை. மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமியார் எழுந்து ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடித்துவைத்தார்.

திங்கட்கிழமை காலையில் அதே கொத்தனாரைக் கூப்பிட்டேன். கடப்பாரையை நான்தான் பிடித்தேன். நாலு மூலையிலும் நெம்பினபிறகு கல் அசைந்து கொடுத்தது. அடியில் எறும்புப் புற்று, சந்தில் இறங்கி உறைந்த மெழுகு, யாரோ நேர்ச்சைக்கு வைத்த மிளகு நாலைந்து. கல்லைச் சாக்கில் சுற்றிக் குட்டியானை வண்டியில் ஏற்றி, ஒரு கீறல் இல்லாமல் அவர் வீட்டுக்கு அனுப்பினோம். மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எழுத்து இருக்கிற பக்கம் சுவரைப் பார்த்து இருக்கிறதாம். அப்படித் திருப்பி வைத்தது யாரென்று நான் விசாரிக்கவில்லை.

அந்த இடத்தில் வெறும் சிமெண்டுப் படி கட்டினோம். கொத்தனார் கரணையால் பூசிக்கொண்டே, "ஓரத்துல சின்னதா உங்க பேர வேணா எழுதட்டுமா?" என்றார்.

"ஒத வாங்குவ" என்றேன்.

"இல்ல, அடுத்தாப்புல பேத்து எடுக்கவும் என்னைத்தானே கூப்புடுவீங்க, அதான்."

இப்போதெல்லாம் டிவியில் இதே பேச்சு அடிக்கடி வருகிறது. பெரிய பெரிய முதலாளிகள், அரசாங்கம் விருது கொடுத்துக் கௌரவித்தவர்கள், மோசடி என்று மாட்டிக்கொள்கிறார்கள். கொடுத்த விருதைத் திரும்ப வாங்கலாமா என்று கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து அலசுகிறார்கள். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் இதில் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. குற்றம் உறுதியாகிவிட்டால் திரும்ப வாங்க வேண்டும். பகைக்காக அல்ல. அந்த விருதைப் பார்த்து நம்பிப் போன ஒருத்தி எங்கேயோ ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்காக வாங்க வேண்டும். கொடுத்தவர்கள்தான் வாங்க வேண்டும். நாங்கள்தான் தவறாகக் கொடுத்தோம் என்று சொல்லி வாங்க வேண்டும். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. செத்துப்போய்விடவில்லை.

சிமெண்டு காய மூன்று நாள் ஆகும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். தினமும் நான் போய்த் தண்ணீர் தெளித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஜெபத்துக்குக் கூடினோம். வணக்க மாதம் என்பதால் நல்ல கூட்டம். விதைக்கடைக்காரரும் மனைவியோடு வந்து வேலியோரம் நின்றார். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். அடிபம்புக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வரவில்லையோ என்று தெருப்பக்கம் எட்டிப் பார்த்தேன்.

அவள் எனக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். கையில் உப்பும் மிளகும் கட்டின காகிதப் பொட்டலம். "நவுருண்ணே, வழிய அடைச்சிக்கிட்டு நிக்கிற" என்றாள். நகர்ந்தேன். அவள் முன்னால் போய், பொட்டலத்தை வைத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு முழங்கால் போட்டாள். ஜெபமாலையின் ஐந்து பத்து மணிகளும் உருட்டி முடிகிற வரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் படியை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மாதாவைப் பார்க்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னண்ணே பூசியிருக்கான் கொத்தனாரு? சொரசொரன்னு முட்டியே தேஞ்சிருச்சு. அந்தக் கல்லாவது வழவழன்னு இருந்துச்சு."

"நாளு போகப் போகச் சரியாயிரும்" என்றேன்.

"எத்தன நாளு?"

"நாம எல்லாரும் முட்டி போட்டுத் தேக்கணும்ல" என்றேன்.

"சரி, தேப்போம்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரருக்குச் சோறு போட நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள்.